உப்புக் காற்றில் பித்தளை: தேய்ப்பதைவிட அலசுவதே பெரிய வேலை

நவராத்திரிக்கென்று மினுக்கி வைத்த குத்துவிளக்கு சரஸ்வதி பூசைக்குள்ளேயே மங்கிப்போகிறது என்று திருகோணமலையில் வருடாவருடம் யாராவது சொல்லக் கேட்கலாம். புளி சரியில்லை, பிராசோ பழையது, விளக்கே மட்டமான பித்தளை என்று ஆளுக்கொரு காரணமும் சொல்வார்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் எதுவும் இல்லை. புளிப்பில் கழுவிய விளக்கைச் சரியாக அலசாமல், சரியாக உலர்த்தாமல் விட்டிருப்பார்கள். அழுக்கை எடுப்பது அரை மணி நேர வேலை. எடுத்த இடத்தில் மறுபடி பிடிக்காமல் வைப்பதில்தான் மிச்ச வேலை எல்லாம் இருக்கிறது.

உள்ளூர்க் காற்றைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். கடல் உப்பு வெறும் சோடியம் குளோரைட்டு அல்ல, அதில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் அளவுக்குப் போனால்தான் தண்ணீர் இழுத்துக் கசியும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். உப்புவெளியிலோ திருக்கடலூரிலோ கடலைப் பார்த்த யன்னலோரம் வைத்த பித்தளையில் படியும் உப்புப் படலம் கிட்டத்தட்ட எப்போதும் ஈரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தில் செம்பு கரைந்து, முதலில் செம்மண்ணிறமாகவும் பிறகு கறுப்பாகவும் கடைசியில் பச்சைக் களிம்பாகவும் மாறுகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் காற்று தரைப்பக்கமிருந்து வரும், வறண்டிருக்கும். அப்போது மினுக்கிய சாமான் வாரக்கணக்கில் தாங்கும். வடகிழக்கு வாடை தொடங்கிவிட்டால் அதே சாமான் அத்தனை நாள் நிற்காது. கார்த்திகை விளக்கீடு சரியாக மழைக்குள் வந்து விழுவதால், அதற்கு மினுக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு காந்தத்தை எடுத்து விளக்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. புளியில் போட்டால் முலாம் போய் இரும்பு வெளியே வரும். ஈரத் துணியால் துடைப்பதோடு விட்டுவிடவேண்டியதுதான். இரண்டாவது, அரக்கு. புதிதாக வாங்கிய அலங்கார விளக்குகளில் நிறமற்ற அரக்குப் பூசியிருக்கும். அதன்மேல் எத்தனை தேசிக்காய் தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது. அரக்கு உடைந்த இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக வெளுக்கும், அது முன்னையதைவிட அசிங்கம். தின்னர் நனைத்த துணியால் அரக்கு முழுவதையும் எடுத்துவிட்டே தொடங்கவேண்டும். திரி எரிகிற விளக்கில் அரக்குக்கு வேலையே இல்லை. சூட்டில் அது பொரிந்து கறுக்கும்.

மூன்றாவதாக, வார்த்ததா தகட்டில் அடித்ததா என்று பார்க்கவேண்டும். குத்துவிளக்கு, மணி, தூபக்கால் எல்லாம் வார்ப்பு. செம்பு, கிண்ணி, குடம், தாம்பாளம் போன்றவை தகட்டை அடித்தோ அழுத்தியோ இழுத்தோ எடுத்தவை. அப்படி எடுத்த உலோகத்துக்குள் இறுக்கம் தங்கி நிற்கும். இதைப் பிறகு பார்ப்போம்.

குத்துவிளக்கென்றால் கழற்றாமல் கழுவக்கூடாது. பாதம், தண்டு, தட்டு, உச்சியில் இருக்கிற அன்னமோ சேவலோ எல்லாம் மரையில் இறங்குபவை. கழற்றாமல் அமிலத்தில் போட்டால் மரைக்குள் புகுந்த அமிலம் அங்கேயே நிற்கும். இரண்டு நாளில் ஒவ்வொரு பொருத்திலும் பச்சை வளையம் கட்டும். இறுகிப்போன மரையைக் குறடு போட்டுத் திருகாதீர்கள், வார்ப்புப் பித்தளையில் குறட்டின் பல் பதிந்தால் அந்தத் தடம் போகாது. பொருத்தின் வெளிப்பக்கத் துண்டின்மேல் கொதிநீரை மெல்ல ஊற்றி, அது விரிந்திருக்கும்போதே இரண்டு கையிலும் ரப்பர் கையுறை போட்டுத் திருப்பினால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்து, மறுபடியும் சூடு காட்டவேண்டும். உள்ளே எண்ணெய்ப் பாத்திரம் மூடியிருக்கும் தூண்டாமணி விளக்கை ஒருபோதும் முழுதாக அமிலத்தில் அமிழ்த்தக்கூடாது. உள்ளே போனதை வெளியே எடுக்க வழி இல்லை.

அடுத்தது எண்ணெய். இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுச் சூடுபட்டுப் பிசினாக இறுகும் எண்ணெய். திரிமுனையைச் சுற்றி மஞ்சளாகவும் கபிலமாகவும் ஒட்டியிருப்பது அதுதான். தட்டின் அடியில் பச்சையாக வழுக்குவது வேறொன்று. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டான ஒருவகைச் சவர்க்காரம் அது. இவை இரண்டும் இருக்கும் வரை அமிலம் உலோகத்தைத் தொடாது. புளி போட்டுத் தேய்த்தும் திட்டுத்திட்டாக நிற்கிறது என்றால் காரணம் இதைத் தவிர வேறில்லை.

ஒரு லீற்றர் கொதிநீருக்குச் சலவைச் சோடா ஒரு குவித்த மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 20 கிராம். அதில் துண்டுகளை 20 நிமிடம் ஊறவிட்டு, தேங்காய்த் தும்பாலும் பழைய பல் துலக்கியாலும் தேய்க்கவேண்டும். பாத்திரம் எவர்சில்வரோ தடித்த பிளாஸ்டிக்கோ ஆக இருக்கட்டும். அலுமினியச் சட்டி ஆகாது, சோடா அதைத் தின்னும். பிசின் தடிப்பாக இருந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை. விறகடுப்புள்ள வீட்டில் சலித்த சாம்பலே போதும், அதிலுள்ள காரமும் நுண்மணலும் சேர்ந்து இரண்டு வேலையையும் செய்யும். நன்றாகச் சலிக்காவிட்டால் கரித்துண்டும் கல்லும் கீறும். செங்கல் தூளை அறவே விடுங்கள். பழைய விளக்குகளின் சித்திர வேலை மழுங்கிக் கிடப்பதில் பாதி அதன் கைங்கரியம். இரும்புக் கம்பித் தும்பும் வேண்டாம். அறுந்து ஒட்டுகிற துணுக்குகள் கடற்காற்றில் துருப்பிடித்துச் செம்புள்ளியாக வரும்.

எண்ணெய் போய்விட்டதா என்று அறிய, துண்டைத் தண்ணீரில் தோய்த்துத் தூக்குங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் போய்விட்டது. முத்து முத்தாக ஒதுங்கினால் இன்னும் இருக்கிறது.

இனித்தான் புளிப்பு. எங்கள் வீடுகளில் பழப்புளி, தேசிக்காய், வினாகிரி மூன்றும் பழக்கம். மூன்றும் செய்வது ஒரே வேலை, கறுப்பு ஒட்சைட்டைக் கரைப்பது. ஆனால் மூன்றும் சமமல்ல. பழப்புளியில் தார்த்தாரிக் அமிலம் இருக்கிறது. தவிர, களியாக ஒட்டி நிற்பதால் நிமிர்ந்த தண்டிலும் அமிலம் வழியாமல் வேலை செய்யும். 100 கிராம் புளியை அரை லீற்றர் சுடுநீரில் கரைத்துச் சக்கையோடு பூசி 15 நிமிடம் விடலாம். கடைப் புளியில் ஒரு சிக்கல்: கெடாமலிருக்க உப்புச் சேர்த்து உருட்டியிருப்பார்கள். தேசிக்காயோடு உப்பும் போட்டுத் தேய்த்தால் கறை சட்டென்று போகும், அது உண்மை. குளோரைட்டு செம்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுப்பதால் அப்படிப் போகிறது. ஆனால் அதே குளோரைட்டு துளைகளுக்குள் தங்கி, பச்சைக் களிம்புக்கு விதையாகிறது. கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர்கள் உப்புப் போட்டுத் தப்பலாம். கடல் ஏற்கெனவே போதுமான உப்புத் தருகிற ஊரில் கையாலும் எதற்குப் போடவேண்டும்?

வினாகிரி இருப்பதில் மோசமானது. அசற்றிக் அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்குவதே ஒரு பச்சைக் களிம்பு. துண்டு பாதி வெளியே, பாதி உள்ளே என்று ஊறினால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். வேறொன்றும் கிடைக்காத நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் பாவிக்கலாம்.

என் தெரிவு கேக் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலப் பொடி. உப்பில்லை, சக்கையில்லை, அளவு கைக்குள் நிற்கும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 30 கிராம், பிளாஸ்டிக் பேசினில். துண்டு முழுதாக அமிழவேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் ஐந்து. அதற்குமேலும் கறுப்பு நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் எண்ணெய்தான், சோடாவுக்குத் திரும்பிப் போகவேண்டும். நேரத்தைக் கூட்டுவது வழியல்ல, அமிலம் பித்தளையிலுள்ள நாகத்தை (துத்தநாகத்தை) இழுக்கத் தொடங்கும். கரைசல் நீலப்பச்சையாகிவிட்டால் அதை வைத்து அடுத்த விளக்கைக் கழுவவேண்டாம், புதிதாகக் கலக்குங்கள். இரும்புச் சாமான் எதுவும் பேசினுக்குள் போகக்கூடாது, ஊசி, ஆணி, இடுக்கி உட்பட. மலசலகூடம் கழுவுகிற அமிலத்தால் விளக்குக் கழுவுகிற பழக்கமும் ஊரில் உண்டு. அது ஐதரோகுளோரிக் அமிலம். பளிச்சென்று வரும், பிறகு மாதக்கணக்கில் பச்சை கக்கும். வெளிற்றித் திரவம் (பிளீச்) இருக்கிற பக்கமே அதைக் கொண்டுபோகக்கூடாது, இரண்டும் கலந்தால் குளோரீன் வாயு வரும்.

கழுவி எடுத்த விளக்கு பொன்னிறமாக வராமல் ரோசாச் சிவப்பாக வருவதுதான் அடுத்த முறைப்பாடு. மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, பழைய கறையில் செம்மண்ணிறமாக இருந்த ஒட்சைட்டு. அது அமிலத்தில் முழுதும் கரையாது. பாதி கரைந்து போகும், மறுபாதி நுண்ணிய செம்பாக மேற்பரப்பிலேயே தங்கும். இரண்டு, ஏற்கெனவே செம்பு ஏறிய பழைய கரைசலில் இரும்பு பட்டது. அப்போது கரைந்த செம்பு திரும்பி வந்து முலாம்போல் படியும். இந்த இரண்டும் மேல்தோல் விவகாரம். நல்ல வெண்ணிறத் திருநீற்றை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே போகும், அல்லது மெல்லிய மினுக்குத் திரவம். மூன்றாவது காரணம் வேறு மாதிரி. நீண்ட காலம் உப்பீரத்தில் கிடந்த பித்தளையிலிருந்து நாகம் அரித்துப் போய், செம்பு மட்டும் நுண்துளையாக மிஞ்சியிருக்கும். மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். தேய்க்கத் தேய்க்க உள்ளேயும் சிவப்பாகவே இருந்தால் அந்த இடத்தில் பித்தளையே இல்லை. மினுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. படகு வைத்திருக்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். சிவந்துபோன விசிறியைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்ற சத்தம் வராது, சிறகு விளிம்பு கையோடு உடைந்தும் வரும். விசிறிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று படகில் பூட்டும் நாகக் கட்டியைத் தேய்ந்ததும் மாற்றாமல் விட்டதன் விளைவு அது.

அலசலுக்கு வருவோம். அமிலத்திலிருந்து எடுத்த துண்டை முதலில் ஓடும் தண்ணீரில் பிடித்து, அடுத்து அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் தோய்க்கவேண்டும். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு நிமிடம். மரை, சித்திர இடுக்கு, தட்டின் மடிப்பு ஆகியவற்றில் பல் துலக்கியால் சோடாத் தண்ணீரைத் தள்ளுங்கள். சின்னக் குமிழ்கள் வரும் வரை அங்கே அமிலம் இருக்கிறது என்று பொருள். பிறகு மறுபடியும் நல்ல தண்ணீர், இரண்டு மாற்று. இங்கே கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்பது முக்கியம். கடலோரக் கிணறுகள் பல உவர். அதில் கடைசி அலசல் அலசினால் கழுவிய உப்பைத் திரும்பப் பூசுகிறீர்கள். கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் இதற்கு நல்லது. சேர்த்து வைத்த மழைத்தண்ணீர் அதைவிட நல்லது, காய்ந்தபின் வெள்ளைத் தடம் விடாது.

கடைசி அலசல் கை பொறுக்காத சூட்டில் இருக்கட்டும். உலோகம் சூடேறினால் ஈரம் தானே பறக்கும். எடுத்ததும் பருத்தித் துணியால் ஒற்றி, மரைகளுக்குள் துணி முறுக்கிச் செருகி எடுத்து, அரை மணி வெயிலில் வையுங்கள். ஈரச் சொட்டோடு வெயிலில் வைத்தால் ஒவ்வொரு சொட்டும் ஒரு கபிலப் புள்ளியாகும். மழை நாளில் முலாம் பூசும் பட்டறைக்காரர் கையாளும் வழி ஒன்று இருக்கிறது: பிசினில்லாத மரத்தின் தூளைச் சட்டியில் இளஞ்சூடாக வறுத்து அதற்குள் துண்டைப் புதைத்து எடுப்பது. இடுக்கில் இருக்கிற தண்ணீரையும் மரத்தூள் உறிஞ்சும். தூசைப் பிறகு தூரிகையால் தட்டிவிடலாம். இதற்குப்பின் வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வையும் உப்புத்தான், விரல் ரேகை அப்படியே பதிந்து கறுக்கும்.

பிராசோ போன்ற திரவங்களைப் பற்றி. கறுப்பு எடுக்க அவை வேண்டாம், நேரமும் காசும் போகும். கழுவி உலர்ந்த பித்தளைக்குக் கடைசி மெருகாகவே பாவிக்கவேண்டும். மிகக் கொஞ்சமாகப் பூசி, மங்கலாகக் காயவிட்டு, மென்துணியால் எடுப்பது. சித்திரங்களுக்குள் தங்கிய வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் எடுக்காவிட்டால் அது பச்சையாகும்.

அடித்து எடுத்த தகட்டுச் சாமான்களில் அமோனியா கலந்த மினுக்குத் திரவத்தைத் தவிர்ப்பது நல்லது. போத்தலைத் திறந்தால் மூக்கில் ஏறும் காரநெடி அமோனியாதான். உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையும் அமோனியாவும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் உலோகத்தில் தானாகவே கீறு விழும். இதைக் கண்டுபிடிக்க வைத்தவை தோட்டாக் கோதுகள். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மாரியில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் கழுத்தில் கீறு விழுந்து கிடந்தன. சாணத்திலும் மூத்திரத்திலும் இருந்து எழும்பிய அமோனியாவே காரணம் என்பது 1921 இல் விளக்கப்பட்டது. கோதுக்குப் போகிற பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கொண்டது. அச்சில் ஆழமாக இழுத்து எடுப்பதால் இறுக்கம் நிறைய. கோதைச் சூடுகாட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது பிறகு வழக்கமானது. உங்கள் வீட்டுச் செம்பின் கழுத்து வளைவிலும் தாம்பாள விளிம்பிலும் மயிரிழையாகக் கீறு தெரிந்தால் அதே கதைதான். அது தேய்ந்து வந்த ஓட்டை அல்ல, ஈயப் பற்று வைத்தாலும் பக்கத்தில் அடுத்த கீறு வரும்.

வெளிநாடுகளில் உரிமத்தோடு தோட்டாவை மீள நிரப்புகிறவர்கள் கோது கழுவும் முறையிலிருந்து எங்கள் லேத்துப் பட்டறைகள் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்களை, அதாவது கொக்கி, வளையம், சிறு மணி, குழாய்த் துண்டு போன்றவற்றை, ஒவ்வொன்றாகத் தேய்க்காமல் சுழலும் பீப்பாயில் போட்டு எடுப்பது. ஒரு கிலோ பித்தளைக்குத் துருப்பிடிக்கா உருக்கு ஊசி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, ஊசி 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, 6 முதல் 7 மில்லிமீற்றர் நீளம். தண்ணீர் நாலு லீற்றர் அளவு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி மட்டும். இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாகச் சுழன்றால் உள்பக்கமும் வெளுக்கும். சிட்ரிக் கூடினால் சிவக்கும். சவர்க்காரம் குறைந்தால் எடுத்த அழுக்கே திரும்பிப் படிந்து சாம்பல் நிறமாகும். நேரம் கூடினால் விளிம்புகள் தட்டுப்பட்டு மழுங்கும். சித்திர விளக்கை இதற்குள் போடவே கூடாது. நிலத்தில் கிண்டும்போது அகப்படும் பழைய கோதுகளையும் போடவேண்டாம். இங்கே அவற்றைத் தொடாமல் பொலிசுக்கு அறிவிப்பதே சரி, வெற்றுக் கோது எது வெடிக்காதது எது என்று களிம்பேறிய பிறகு கண்ணால் பிரிக்க முடியாது.

மினுக்கியதைக் காப்பதற்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். ஒரு கிழமைக்கு அழகு, பிறகு அதுவே பச்சைச் சவர்க்காரம். மெழுகுதான் நல்லது: கார் மெருகு மெழுகோ, மண்ணெண்ணெயில் உருக்கிக் கரைத்த தேன்மெழுகோ, மெல்லிய ஒரு பூச்சு, துடைத்து எடுக்கவேண்டும். கரைக்கிற வேலையை நெருப்புக்கு மேல் செய்யாமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் பேணியை வைத்துச் செய்யுங்கள். எண்ணெய் நிற்கிற தட்டுக்கும் திரிமுனைக்கும் மெழுகு வேண்டாம். பாதம், தண்டு, உச்சி ஆகியவற்றுக்குப் போதும். மரைகளில் கொஞ்சம் வசிலின் தடவி மூட்டினால் அடுத்த வருடம் குறடு தேடவேண்டியிருக்காது.

பெட்டியில் வைப்பதென்றால் கழுவிக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வியர்க்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் ரப்பரிலுள்ள கந்தகம் வளையம் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு கீறிவிடும், அது மெழுகுக்கும் அடங்காது. கோயில் மூர்த்தங்களுக்கும் பஞ்சலோகத்துக்கும் இங்கே சொன்ன அமிலம் எதுவும் பொருந்தாது, அவற்றை அவற்றுக்குரியவர்களிடம் விடவேண்டும்.

வேலை முடிந்த பேசினில் மிஞ்சும் நீலத் தண்ணீரில் கரைந்த செம்பும், வார்ப்புப் பித்தளையானால் சிறிதளவு ஈயமும் இருக்கும். மீன் தொட்டிக்கும் பூக்கன்றுக்கும் கிணற்றடிக்கும் அது ஆகாது. அப்பச்சோடா போட்டுப் பொங்கல் அடங்கும் வரை கலக்கி ஓர் இரவு வைத்தால் அமிலம் அடங்கும், செம்பில் ஒரு பகுதி பச்சைச் சேறாக அடியில் இறங்கலாம். தெளிந்ததை நிறையத் தண்ணீரோடு கழிவுக் குழாயில் விட்டு, சேற்றைக் கடதாசியில் வடித்துக் காயவைத்துக் குப்பையோடு சேர்க்கலாம். கையுறை போட்டிருந்தாலும் சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.